படம் 6.14-இல் காட்டியபடி

திருச்சி ரோட்டை விட்டு ஆவூருக்குத் திரும்புகிற இடத்தில் ஜெரோம் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு பன்னிரண்டடி உயரத்துக்கு நின்றான். அவனுக்குப் பின்னால் ஒரு விமானம், ஒரு பனிமலை, ஒரு மணிக்கூண்டு. கழுத்துக்கு மேலேதான் ஜெரோம். கழுத்துக்குக் கீழே எந்த ஊர்க்காரன் என்பது கடவுளுக்கும் இன்டர்நெட்டுக்கும்தான் வெளிச்சம். உற்றுப் பார்த்தால் கை இரண்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருக்கும்.

ஃபிளெக்ஸ் அடித்தவன் அவனுடைய தாய்மாமன் மகன் ஃபிரெடி. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டுக் கீரனூரில் டிஜிட்டல் பிரிண்டிங் கடை வைத்திருப்பவன். கை மட்டும் ஏன்டா வெள்ளையாக இருக்கிறது என்று ஜெரோம் கேட்டதற்கு, நீ போகிற குளிருக்கு ஆறு மாதத்தில் உடம்பே அப்படித்தான் ஆகும், கை கொஞ்சம் முந்திக்கொண்டது என்று வைத்துக்கொள் என்றான். 'கடல் கடந்து கற்கச் செல்லும் எங்கள் குலவிளக்கே, சென்று வா, வென்று வா' என்று பெரிய எழுத்து. கீழே வாழ்த்துவோர் வரிசை. அதில் இன்னும் பேர் வைக்காத ஒரு கைக்குழந்தையும் ஜெரோமை வாழ்த்திக்கொண்டிருந்தது.

இந்தப் பக்கத்தில் விசா வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. மாதா கோயில் தேருக்குச் சொந்தபந்தம் எல்லாம் ஊருக்கு வரும், அப்போது கண்ணில் படாத ஃபிளெக்ஸ் எதற்கு? அதனால் தேருக்கு முதல் நாளே குச்சி ஊன்றிக் கட்டிவிட்டார்கள். பூசையில் பங்குச்சாமியும் பேர் சொல்லி ஜெபித்துவிட்டார். ஜெரோம் இரண்டாம் வருசப் பரீட்சையையே அதற்குப் பிறகுதான் எழுதினான் என்பது யாருக்கும் பெரிய விசயமாகப் படவில்லை. ஜெரோம் பரீட்சையில் தோற்பது என்பது ஊரில் நடக்காத காரியம்.

அதற்குக் காரணம் இருந்தது. அவனுடைய மனப்பாடம்.

அவன் அம்மா மரிய செல்வி ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுப்பவள். மந்திரங்களை வாய் மாறாமல் சொல்ல வைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மற்ற பிள்ளைகள் திக்கித் திணறும் வயதில் ஜெரோம் மாதா பிரார்த்தனையை மூச்சு விடாமல் சொன்னான். பிறகு வேதாகமப் போட்டிகள். மணப்பாறையோ புதுக்கோட்டையோ, எங்கே வைத்தாலும் முதல் பரிசு இவனுக்குத்தான். பரிசு என்றால் சில்வர் சாமான். அந்த வீட்டு அடுக்களையில் பாதிப் பாத்திரம் வேதாகமத்தால் வந்தது. விருந்தாளிகள் சோற்றைச் சாப்பிட்டு முடித்தால் தட்டின் அடியில் 'ச. ஜெரோம், முதல் பரிசு' என்று தெரியும். ரசம் ஊற்றி மறைத்தாலும் தெரியும்.

அந்தத் திறமையில் ஒரே ஒரு கோளாறு. நடுவில் நிறுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடர வராது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒருமுறை அவன் தொடக்கநூலின் படைப்புக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மூன்றாம் நாளில் மைக் கரகரத்தது. பங்குச்சாமி கையைக் காட்டி நிறுத்தி ஒயரைச் சரிசெய்தார். ஜெரோம் கண்ணை மூடி, 'தொடக்கத்தில்' என்று எடுத்தான். கூட்டம் உட்கார்ந்து உலகம் இரண்டாம் தடவை படைக்கப்படுவதைக் கேட்டது.

ப்ளஸ் டூவிலும் அதே கைதான். கேள்வியைப் பார்ப்பான், பக்கம் கண்ணில் தெரியும், எழுதிக்கொண்டே போவான். மார்க் வந்தது. எல்லோரும் மெச்சினார்கள். இதில் தப்பு இருக்கிறது என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. அவனுக்கும் தோன்றியதில்லை.

அப்பா சந்தனராஜ் கத்தாரில் பைப் ஃபிட்டர். அங்கே வேலைசெய்பவர்களுக்கு மஞ்சள் ஹெல்மெட், இன்ஜினியர்களுக்கு வெள்ளை ஹெல்மெட். வெளிநாட்டில் படித்த பையன்கள் வெள்ளை ஹெல்மெட்டோடு வந்து, அப்பா வயசு ஆளை விரலால் கூப்பிட்டு வேலை சொல்வார்களாம். அதை ஒரு குறையாகச் சொல்லமாட்டார். ஃபோனில் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அடிக்கடி சொல்வார்.

அப்படித்தான் ஜெரோம் ட்வின்னிங் கோர்ஸில் சேர்ந்தான். மெக்கானிக்கல் இன்ஜினியரிங். முதல் இரண்டு வருசம் திருச்சி ரோட்டில் இருக்கிற காலேஜ், அடுத்த இரண்டு வருசம் இங்கிலாந்தில் ஒரு யுனிவர்சிட்டி. பாடம், கேள்வித்தாள், பட்டம் எல்லாம் அங்கத்தியது. பரீட்சைத் தாளை இங்கே திருத்திவிட்டு அங்கேயும் ஒரு பார்வை பார்க்க அனுப்புவார்கள். ஃபிரெடிக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இட்லியை இங்கே பாதி வேகவைத்து மீதியை அங்கே வேகவைக்கிறார்கள், நடுவில் விமானத்தில் ஆறிப்போகாமல் பார்த்துக்கொள் மாப்ள என்றான்.

இரண்டாம் வருசக் கடைசிப் பரீட்சை தெர்மோடைனமிக்ஸ். ஃபிரிட்ஜ் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு பெரிய கேள்வி. ஆறாவது பாடம். ஜெரோம் கை எழுதியது. மனசு மட்டும் பெரிய பெட்டிக்கு நம்பர் பூட்டு நல்லதா சாவிப் பூட்டு நல்லதா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

ஜூன் மாதம் ஒரு காலையில், கோர்ஸைப் பார்த்துக்கொள்ளும் இந்துமதி மேடம் ஃபோன் செய்தார். அவர் சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை. நீ புத்தகத்தைப் பார்த்துக் காப்பி அடித்ததாக அங்கிருந்து புகார் வந்திருக்கிறது, வார்த்தைக்கு வார்த்தை, கமாவுக்குக் கமா அப்படியே இருக்கிறதாம் என்றார். இல்லை மேம், இல்லை மேம் என்றான் ஜெரோம்.

"அதோட 'படம் 6.14-இல் காட்டியபடி'ன்னு எழுதியிருக்க. பேப்பர்ல படமே இல்ல, எங்கன்னு கேக்குறாங்க."

"படம் புக்குல இருக்கு மேம்."

லைன் கட்டாகிவிட்டதோ என்று ஜெரோம் ஃபோனைத் திருப்பிப் பார்த்தான்.

வீடியோவில் விசாரணை வைப்பார்கள் என்றார் மேடம். காப்பி என்று முடிவானால் கோர்ஸை விட்டே எடுத்துவிடுவார்கள். இல்லை என்று நிரூபித்துவிட்டால் செப்டம்பரில் எல்லோரோடும் போகலாம்.

அம்மாவிடம் மறைக்கத்தான் நினைத்தான். ஆனால் மரிய செல்வி அவன் முகத்தைப் பார்த்தே பாதியைக் கண்டுபிடித்து, மீதியைப் பிடுங்கிவிட்டாள். காப்பி என்ற வார்த்தையைக் கேட்டதும் கையிலிருந்த கரண்டியைச் சட்டியிலேயே போட்டாள். அவள் ஆத்திரப்பட்டு ஜெரோம் பார்த்தது அபூர்வம்.

"காப்பி அடிக்கிறவன் தெரியாதவன். ஒனக்கு எதுக்குய்யா காப்பி? அவங்க முன்னால நின்னு சொல்லிக் காட்டு. முழுசா சொல்லு. வாயடைச்சுப் போவாங்க."

நானும் வாரேன் என்றாள். அவள் வருவதைத் தடுக்க ஆவூரில் யாராலும் முடியாது, பங்குச்சாமி உட்பட.

வீட்டில் நெட் எடுக்காது. எனவே விசாரணை ஃபிரெடி கடையில் நடந்தது. மெசினை நிறுத்திவிட்டுக் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்துக் கொடுத்தான். அரைவாசி அச்சாகித் தொங்கிய ஒரு காதணி விழா பேனருக்கு முன்னால் ஜெரோம் உட்கார்ந்தான். அவன் தலைக்கு மேல் 'தாய்மாமன் சீர்' என்று ரோஸ் எழுத்தில் தெரியும் என்பதை ஃபிரெடி கடைசி நிமிசத்தில் கவனித்து ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடினான். மரிய செல்வி கேமராவில் விழாத மூலையில், இங்க் கேன்மேல் ஜெபமாலையோடு உட்கார்ந்துகொண்டாள்.

திரையில் மூன்று பேர். நரைத்த தலை வெள்ளைக்கார அம்மா ஒருவர், தாடிக்காரர் ஒருவர், காலேஜிலிருந்து இந்துமதி மேடம். அந்த இருவரும் கோபமாகவே இல்லை. உட்காரச் சௌகரியமாக இருக்கிறதா, தண்ணீர் வைத்திருக்கிறாயா என்று விசாரித்தார்கள். அது இன்னும் பயமாக இருந்தது.

இவ்வளவு அச்சு அசலாக எப்படி வந்தது என்று தாடிக்காரர் கேட்டார். படித்தேன் சார் என்றான் ஜெரோம். எல்லோரும்தான் படிக்கிறார்கள் என்றார் அவர். இல்லை சார், நான் படித்தேன் என்று மறுபடியும் சொன்னான். இரண்டு பேரும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு கரையில் நிற்பதைப் பார்த்து இந்துமதி மேடம் குறுக்கிட்டு, அவன் மனப்பாடமாகச் சொல்லுவான், கேட்டுப் பாருங்கள் என்றார்.

தாடிக்காரர் புத்தகத்தைப் புரட்டி ஆறாவது பாடத்தின் ஆரம்பத்தைச் சொன்னார்.

ஜெரோம் கண்ணை மூடினான். பக்கம் வந்தது. மடித்த மூலை, கீழே டீக்கறை, எல்லாம் வந்தது. வெப்பம் குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்குத் தானாகப் போகாது என்று தொடங்கி, இங்கிலீஷில் வரிசையாக இறங்கினான். எல்லாம் மறைக்கல்வி வகுப்பின் அந்தப் பழைய ராகத்தில். ஏற்றம், இறக்கம், வரி முடிவில் ஒரு சின்ன இழுப்பு. மூலையில் மரிய செல்விக்கு ஒரு சொல்கூட விளங்காது, ஆனால் ராகம் விளங்கியது. ஒவ்வொரு பத்தி முடியும்போதும் அவள் விரலில் ஒரு மணி நகர்ந்தது. ஃபிரெடி அதைப் பார்த்தான். கிண்டல் பண்ண எவ்வளவோ இருந்தது. பண்ணவில்லை.

போதும், நன்றி என்றார் தாடிக்காரர்.

ஜெரோம் நிறுத்தினான். கொஞ்சம் விழித்தான். பிறகு கண்ணை மூடி, முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினான்.

தாடிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மா கையைத் தூக்கி அவரை அமர்த்தினார். இந்தத் தடவை யாரும் நிறுத்தவில்லை. 'படம் 6.14-இல் காட்டியபடி' என்று முடியும்வரை கேட்டார்கள். முடிந்ததும் அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நீ பார்த்து எழுதவில்லை, நான் நம்புகிறேன், இப்படி ஒன்றை என் ஆயுசில் பார்த்ததில்லை என்றார். இந்துமதி மேடத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. மூலையில் மரிய செல்வி சிலுவை போட்டுக்கொண்டாள்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது புத்தகத்தை மறந்துவிடு என்றார் அந்த அம்மா. உன் வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா? இருக்கிறது. சரி, அதன் கதவைத் திறந்தபடியே விட்டு அடுக்களையையும் பூட்டிவிட்டால், அறை குளிருமா, சூடாகுமா? எனக்கு ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொண்டு சொல்.

ஜெரோம் கண்ணை மூடினான். பக்கங்களைத் தள்ளினான். ஆறாவது பாடத்தை முன்னுக்கும் பின்னுக்கும் தேடினான். பயிற்சிக் கணக்குகளில் தேடினான். கதவு எங்கேயும் இல்லை. அடுக்களை எங்கேயும் இல்லை. பக்கங்கள் தீர்ந்தபிறகு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சுருண்டு படுக்கும் அவர்கள் வீட்டுப் பூனைதான் கண்ணுக்குள் வந்தது. ஒரு பரீட்சைக்கு நடுவில் பூனை வருவது சகுனம்கூடச் சரியில்லை, அதைத் துரத்தினான்.

"தமிழ்லயே சொல்லுப்பா, நான் அவங்களுக்குச் சொல்லிக்கிறேன்" என்றார் இந்துமதி மேடம்.

தமிழிலும் வரவில்லை. படித்ததெல்லாம் இங்கிலீஷ் வரிகளாக உள்ளே அடுக்கி இருந்தது. தமிழ் பூனையிடம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் கதவு இருப்பதாகவே அவனுக்குத் தெரியாது. கடைசியில் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, 'படத்தில் காட்டியபடி' என்று இங்கிலீஷில் ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டான்.

அந்த அம்மா காத்திருந்தார். பிறகு மெல்லிய குரலில் நன்றி சொன்னார். திரை கறுத்தது. கறுத்த திரையில் ஜெரோம் முகமும் அதற்கு மேல் வெள்ளைத் துணியும் தெரிந்தன.

வெளியே வந்தபோது, நல்லாச் சொன்ன சாமி என்று அம்மா முதுகைத் தடவினாள். ஃபிரெடி வண்டியை எடுத்துக்கொடுத்தான், பெட்ரோல் இருக்கு என்று மட்டும் சொன்னான். அவன் வாயிலிருந்து இவ்வளவு சின்ன வாக்கியம் வந்ததே கெட்ட செய்தி மாதிரி இருந்தது.

அடுத்த சில நாள் ஜெரோம் ரோட்டுத் திருப்பத்துப் பக்கமே போகவில்லை. போனால் அங்கே கோட்டுப் போட்டவன் சிரித்துக்கொண்டு நிற்பான். எப்ப ஃபிளைட்டு என்று கேட்கிறவர்களுக்கு, விசா வரணும்ண்ணே என்று ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தான். அதுவும் மனப்பாடம்தான்.

ஒரு மத்தியானம் இந்துமதி மேடம் கூப்பிட்டார். காப்பி இல்லை என்று முடிவாகிவிட்டது, அவன் பேரில் ஒரு கறையும் இல்லை என்றார். ஜெரோம் நன்றி சொல்ல வாயெடுத்தான். இரு, இன்னும் முடியவில்லை என்றார். பாடம் புரிந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அந்தப் பேப்பரைத் திரும்ப எழுத வேண்டும். எழுதினால் மட்டும் போதாது, அவர்கள் கேட்கிற கேள்விக்கு வாயாலும் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அடுத்த வருசம் போகலாம். இந்த செப்டம்பர் இல்லை.

"மேம், நான் எப்பவும் எழுதுற மாதிரிதானே எழுதுனேன்? முதல் வருசம் நீங்கதானே மேம் மார்க் போட்டீங்க?"

"ஆமாப்பா. போட்டோம். அது எங்க தப்பும்தான். நான் அவங்கள்ட்டயும் சொன்னேன்" என்றார்.

அதைக் கேட்டு ஜெரோமுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. தப்பு என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுக்களையில் மரிய செல்வி முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகன் நிலைப்படியில் வந்து நின்றதும் நிமிர்ந்தாள். என்ன சொன்னாங்க என்றாள். இதற்குத் தயார் செய்த பதில் எதுவும் அவனிடம் இல்லை. காப்பி இல்லையாம் என்றான். அவள் மாதாவே என்று கும்பிட்ட கையை இறக்குவதற்குள், ஆனா இந்த வருசம் போக முடியாதும்மா, மனப்பாடமா சொன்னது பத்தாதாம், புரிஞ்சு சொல்லணுமாம் என்று முடித்துவிட்டான்.

மரிய செல்வி அழவில்லை. கீரைக்காம்பை எடுத்து எடுத்து, இலை கிடக்கிற தட்டிலேயே போட்டாள். தட்டு அவனுடைய முதல் பரிசு. குனிந்தபடியே கேட்டாள்.

"அப்ப நான் சொல்லிக்குடுத்ததுதான் தப்பாய்யா?"

இதற்கும் பக்கம் இல்லை. ஜெரோம் கீழே உட்கார்ந்து, இலைக்குள் கலந்துவிட்ட காம்புகளைப் பொறுக்கினான். இல்லம்மா என்று சொல்லலாம், அது பொய். ஆமாம்மா என்று சொல்லலாம், அது முழு உண்மை இல்லை. ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து பூனை வந்து சோம்பல் முறித்தது.

"ம்மா, இது ஏன் அங்கயே போய்ப் படுக்குது தெரியுமா?"

"அங்கிட்டுச் சூடா இருக்கும், படுக்கும். இது என்ன கேள்வி?"

"அந்தச் சூடு எங்கருந்து வருது? உள்ள இருக்கிற தயிர்ல, தண்ணியில இருந்த சூட்டத்தான் பிடுங்கிப் பின்னால தள்ளுது. சூடு தானாப் போவாது. கீழ கெடக்குற தண்ணி மேல ஏறாதுல்ல, மோட்டார் போடுறோம்ல, அது மாதிரி. அந்த மோட்டாரோட சூடும் சேந்துக்கும். அதனால கதவத் தெறந்து போட்டா ரூமு குளிராது. இங்கிட்டு எடுத்து இங்கிட்டே தள்ளும். போகப் போகச் சூடுதான் ஏறும்."

மரிய செல்வி மகனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இத அன்னைக்கு அந்தம்மாட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"இது புக்குல இல்லம்மா."

மறுநாள் காலையில் ஃபிரெடி வந்தான். காற்று பலமாக அடித்தது, ஃபிளெக்ஸ் கிழிந்துவிட்டது, அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டேன் என்றான். அன்று ஒரு இலைகூட அசையவில்லை. கிழிசல் கத்தி வைத்து அறுத்த மாதிரி நேராக, அதுவும் ஓரத்தில், முகத்தில் படாமல் இருந்தது. மரிய செல்வி சுருளை வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஆட்டுக்கொட்டகை ஒழுகுது, மேல போட்டு விடுங்க என்றாள்.

அவர்கள் இரண்டு பேரும் ஏறிக் கட்டினார்கள். கோட்டுப் போட்ட ஜெரோம் மல்லாந்து வானத்தைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். பேர் வைக்காத குழந்தை ஓரத்தில் மடங்கிவிட்டது. விமானம் சரியாகக் கிடாய்க்கு மேலே வந்தது. அடுத்த வருசத்துக்கு இதவிடப் பெருசா அடிக்கிறேன், கையக் கறுப்பாவே போட்டுத் தாரேன் மாப்ள என்றான் ஃபிரெடி. ஜெரோம் சிரிக்கவில்லை. சிரிக்காவிட்டாலும் பரவாயில்லை என்பதுபோல ஃபிரெடி அடுத்த முடிச்சைப் போட்டான்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு, அன்று கூப்பிடுவார்.

சாயங்காலம் ஜெரோம் தடிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கொட்டகை நிழலில் உட்கார்ந்தான். மரிய செல்வி ஆட்டுக்குத் தழை வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்காமலேயே அவன் ஆறாவது பாடத்தைத் தமிழில் சொல்லத் தொடங்கினான். ராகம் இல்லாமல், அங்கங்கே நின்று, வார்த்தை தேடிச் சொன்னான். கேட்கவே கஷ்டமாக இருந்தது. பாதியில் அவள் நிமிர்ந்தாள்.

"இரு இரு. அந்த மோட்டாருக்குக் கரண்டு போனா என்ன ஆவும்?"

ஜெரோம் நிறுத்தினான். பழக்கத்தில் கண் தானாக மூடப் போனது. திறந்தே வைத்துக்கொண்டான்.

"அதான் சொல்ல வாரேன்" என்று விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தான். "மோட்டாரு நின்னா தள்ளுறதும் நின்னுரும். அப்பறம் வெளியில இருக்கிற சூடு கொஞ்சங் கொஞ்சமா உள்ள வந்துரும். அதத் தடுக்க முடியாது, மெதுவாத்தான் வர வைக்கலாம்."

"இத இங்கிலீசுல எப்பிடிச் சொல்லுவ?"

"தெரியலம்மா" என்றான். மரிய செல்வி சரி என்று தலையாட்டிவிட்டு, அடுத்த கட்டுத் தழையைப் பிரித்தாள்.